கேட் கத்தினால் முதலில் பேச வேண்டியது நாம்

நான் கடைசியாக வேலை பார்த்த கடையில் இருந்து போன மாதம் கூப்பிட்டிருந்தார்கள். அங்கே இப்போது வாடிக்கையாளரே பொருளை எடுத்து, தானே மெசினில் காட்டி, தானே பணம் கட்டிக்கொண்டு போகிறார். தலைக்கு மேல் ஒரு கேமரா, பை வைக்கிற இடத்தில் எடை பார்க்கும் தட்டு, வாசலில் கேட். கணக்குக்கும் எடைக்கும் ஒத்துவராவிட்டால் சிவப்பு விளக்கு எரிகிறது. விளக்கு எரிந்ததும் பக்கத்தில் நிற்கிற கடைப் பிள்ளைகள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கிறார்கள்.

"மேடம், அவங்க கிட்ட என்னன்னு போய்க் கேக்கறதுங்க? எடுத்தீங்களான்னா கேக்க முடியும்?" என்றாள் ஒரு பெண்.

நியாயமான கேள்வி. மெசினைக் கொண்டுவந்து வைத்தவர்கள் எந்தப் பொத்தானை எப்போது அழுத்துவது என்று படம் போட்டு விளக்கியிருக்கிறார்கள். வாயைத் திறந்து என்ன பேசுவது என்று ஒருத்தரும் சொல்லவில்லை. எனக்கு அதைச் சொல்லித்தர ஓர் ஆள் இருந்தார். அன்றைக்கு அவளிடம் நின்றபடியே பாதி சொன்னேன். மீதியை உட்கார்ந்து எழுதிவிடலாம் என்று தோன்றியது.

தொண்ணூறுகளின் நடுவில் கோயம்புத்தூரில் நாமே கூடையை எடுத்துக்கொண்டு பொருளைப் பொறுக்கிக்கொள்ளும் கடைகள் புதிதாக வரத் தொடங்கின. கிராஸ்கட் ரோட்டுக்குப் பின்னால் இருந்த அப்படி ஒரு கடையில் பில் போடும் வேலைக்குச் சேர்ந்தேன். பன்னிரண்டாவது முடித்துவிட்டு டைப்ரைட்டிங் கற்றிருந்தேன். அப்பா ஆறுச்சாமி சிங்காநல்லூர் பக்கத்து மில் ஒன்றில் ஸ்பின்னிங்கில் இருந்தவர். அந்த மில்லை மூடிவிட்டார்கள். வீட்டில் சம்பளம் என்று வந்தது என்னுடையது மட்டும்தான். என் கல்யாணம், தம்பி படிப்பு, அம்மாவின் மூச்சிரைப்பு மருந்து எல்லாம் அந்த பில் கவுண்டரின் மேல்தான் உட்கார்ந்திருந்தன.

ஆரம்பத்தில் எங்கள் ஊர்க்காரர்களுக்கு அந்தக் கடை பழகவே இல்லை. அலமாரி முன்னால் நின்றுகொண்டு, "ஏனுங்க, இதை எடுத்துக்கலாங்களா?" என்று அனுமதி கேட்பார்கள். எடுக்கத்தானே வைத்திருக்கிறோம் என்றால் ஒரு மாதிரி சிரிப்பார்கள். இவ்வளவு மரியாதைக்காரர்கள் வந்துபோகிற கடையில்தான் பிளேடு பாக்கெட்டும் முகத்துக்குப் பூசும் கிரீமும் ஹேர் டையும் காற்றில் கரைந்துகொண்டிருந்தன. மரியாதை வேறு, கை வேறு போலிருக்கிறது.

கடை முதலாளி வெள்ளகோவில் பக்கத்துப் பஞ்சு வியாபாரக் குடும்பத்துப் பிள்ளை. எங்களுக்கு அவர் சின்ன முதலாளி. சிங்கப்பூரில் பார்த்துவிட்டு வந்து வாசலுக்கு ஒரு கேட் வாங்கினார். இரண்டு தூண்கள், நடுவில் மனிதர் நடக்க வழி, அவ்வளவுதான். விலை கூடின பொருளில் எல்லாம் ஒரு சின்னச் சதுர ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். பில் போடும்போது மேசையில் பதித்த ஒரு தட்டின் மேல் பொருளை வைத்து எடுத்தால் ஸ்டிக்கர் அணைந்துவிடும். அணையாத ஸ்டிக்கர் தூண்களுக்கு நடுவே போனால் கேட் கத்தும். அது கத்துகிற கத்தலில் எதிர் டீக்கடையில் வாய்க்குப் போகிற டம்ளர் பாதியில் நின்றுவிடும்.

இதில் ஒரு கூத்து நடந்தது. ஸ்டிக்கர் கட்டுகள் முதலில் வந்துவிட்டன. கேட்டும் தட்டும் கப்பலில் மெதுவாக வந்துகொண்டிருந்தன. சின்ன முதலாளிக்குப் பொறுமை கிடையாது. "வரட்டும், அதுவரைக்கும் ஒட்டிவெச்சிருங்க. பாத்தாலே பயம் வரும்" என்றார். நாங்களும் மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் உட்கார்ந்து ஒட்டித் தள்ளினோம். கேட் வந்து நிற்கும்வரை ஸ்டிக்கரோடு விற்றுக்கொண்டும் இருந்தோம். அதில் தப்பு ஒன்று இருப்பது யார் மூளைக்கும் எட்டவில்லை.

கேட்டின் பொறுப்பு மேனேஜர் தெய்வசிகாமணி சாருக்கு. சிகாமணி சார் என்போம். அதற்கு முன் பெரிய மில் ஒன்றில் கேட் ஆபீசராக இருந்தவர். மில் கேட் என்றால் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஷிப்ட் முடிந்து வெளியே வருகிற ஒவ்வொரு ஆளையும் வாட்ச்மேன் தடவிப் பார்த்துத்தான் விடுவார். பாபின், நூல், இரும்புச் சாமான் எதையாவது மடியில் கட்டிக்கொண்டு போய்விடுவார்களாம். தொழிலாளி தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு, இரண்டு கையையும் தூக்கி நிற்க வேண்டும். பின்னால் இருக்கிற ஆள் நகரு நகரு என்பான். சிகாமணி சார் வருஷக்கணக்காக அந்த வரிசையை நாற்காலி போட்டுப் பார்த்தவர்.

அப்படிப்பட்ட ஆள் எப்படி இருப்பார் என்று நினைக்கிறீர்கள்? மீசையும் உருட்டுக் கட்டையுமாக இல்லை. ஒல்லியான உடம்பு, வெள்ளைச் சட்டை, மெதுவான குரல். கடைக்குள் திருட்டு என்ற சொல்லையே அவர் அனுமதிக்கவில்லை. ஸ்டிக்கரைச் சாகடிப்பது என்று நாங்கள் பேசிக்கொண்டதைக்கூடத் திருத்தினார். "அணைச்சாச்சுன்னு சொல்லுங்க. சாவு கீவுன்னு பேசிட்டு சோப்பு விக்காதீங்க" என்பார். கோபப்பட்டால் இன்னும் மரியாதை கூடும். "வசந்தாங்க, கொஞ்சம் இப்படி வர்றீங்களா" என்று என்னை அவர் கூப்பிட்டால் அன்றைக்குத் தீர்ந்தேன்.

கேட் கத்தினால் என்ன செய்வது என்று அவர் வைத்த முறை இது. முதலில் நாம் பேச வேண்டும், அதுவும் மன்னிப்பில் ஆரம்பிக்க வேண்டும். "ஏனுங்க, மன்னிச்சுக்குங்க, எங்க பக்கம் ஒரு வேலை விட்டுப்போச்சுங்க." பத்தில் ஒன்பது தடவை அது உண்மையும்கூட, பில் போட்டவள் தட்டில் வைக்க மறந்திருப்பாள். பிறகு பையை மட்டும் வாங்கிக்கொள்ள வேண்டும். பொருள்களை ஒவ்வொன்றாக நாமே கேட் வழியாகக் கொண்டுபோய்ப் பார்க்க வேண்டும். அதுவரை அவருக்கு உட்கார ஸ்டூல் போட வேண்டும். எது கத்தியதோ அதைத் தட்டில் வைத்து, பில்லில் இருந்தால் நன்றி சொல்லி அனுப்ப வேண்டும். பில்லில் இல்லாவிட்டால், "இதை பில்லுல சேத்துக்கட்டுங்களா, இல்ல வெச்சுட்டுப் போறீங்களா?" என்று கேட்க வேண்டும். ஆளைத் தொடக் கூடாது. இதை மட்டும் இரண்டு தடவை சொல்வார்.

சின்ன முதலாளிக்கு இதெல்லாம் சர்க்கரைத் தண்ணீர் வைத்தியம். அவர் தன் பங்குக்கு இரண்டு ஏற்பாடு செய்தார். எடுத்த உடனே படம் வருகிற கேமரா ஒன்று வாங்கினார். உள்ளே வருகிறவர்களின் பையை வாங்கிவைத்து டோக்கன் கொடுக்கிற இடத்தில், பிடிபடுகிறவர்களின் படத்தை ஒட்டுவதற்கு ஒரு பலகை மாட்டினார். பலகை காலியாகவே இருந்தது அவருக்கு வருத்தம். கூடவே வெளியூர் ஏஜென்சியில் இருந்து ராஜு என்கிற காவலாளியைப் போட்டார். பையன் நல்லவன்தான். தொப்பி மட்டும் அவனுக்குப் பெரியதாக இருந்தது.

கேட் வந்த புதிதில் கத்தியதெல்லாம் வேடிக்கையாகத்தான் இருந்தது. கணபதியில் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருந்த ஒருவர் வந்தார். அவர் கடந்தாலே கத்தியது. பையில் ஒன்றுமில்லை. சிகாமணி சார் ஸ்டூல் போட்டு, சட்டைப் பையில் என்ன இருக்கிறது என்று கேட்டார். செம்புக் கம்பி சுற்றின சின்னக் காயில் ஒன்று வந்தது. "மாதிரிக்குங்க. இதே கேஜ்ல கம்பி வாங்கோணும்" என்றார் அவர். ஸ்டிக்கரைப் பிரித்துப் பார்த்தால் அதுவும் ஒரு காயில்தான், காகிதம் கனத்தில். ரெண்டும் ஒரே ஜாதி என்று கேட் நினைத்துக்கொண்டது. எங்கள் ஊரில் யாரும் பொருளைப் பெயர் சொல்லி வாங்க மாட்டார்கள். நட்டோ பெல்ட்டோ வாஷரோ, பழையதைப் பையில் போட்டுக்கொண்டு போய், இது மாதிரி கொடுங்க என்பார்கள். பட்டறை ஊரின் பழக்கம் அது.

இனி சொல்லப்போவதற்கு நான் கொஞ்சம் தண்ணீர் குடித்துக்கொள்ள வேண்டும்.

சம்பளம் போட்ட வாரம், சாயங்காலம், கடை நிறையக் கூட்டம். நான் இரண்டாவது கவுண்டரில் குனிந்து பில் போட்டுக்கொண்டிருந்தேன். கேட் கத்தியது. நிமிர்ந்தேன். இரண்டு தூண்களுக்கு நடுவே எங்கள் அப்பா நின்றுகொண்டிருந்தார்.

அப்பா கடைக்கு வந்ததே எனக்குத் தெரியாது. என் கண்ணில் படாமல் வேறு கவுண்டரில் பில் போட்டிருக்கிறார். கேட் கத்திய அந்த நொடியில் அவர் ஒன்று செய்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து வலது கையில் பிடித்துக்கொண்டார். இரண்டு கையையும் தூக்கினார். கால்களைச் சற்று அகட்டி, முகத்தை நேராக வைத்துக்கொண்டு நின்றார். யாரும் சொல்லவில்லை. மில் மூடி அத்தனை மாதம் ஆகியும் அந்த உடம்பு ஷிப்ட் முடிந்து வெளியே போய்க்கொண்டுதான் இருந்தது.

யாரோ சிரித்தார்கள். ராஜுவைக் குறை சொல்ல மாட்டேன். ஆளே கையைத் தூக்கி நின்றால் அவன் என்ன செய்வான்? போய்த் தடவினான். வேட்டி மடிப்பில் இருந்து ஒரு ஹேர் டை பெட்டியை எடுத்து உயர்த்திக் காட்டினான். பெட்டியில் எங்கள் கடை ஸ்டிக்கர். பில்லில் ஒரு துணி சோப்பு மட்டும்.

சின்ன முதலாளி அறையில் இருந்து கேமராவோடு வந்துவிட்டார். பலகைக்கு முதல் படம் கிடைத்த முகம் அவருக்கு.

"எங்கிருந்து வர்றீங்க?"

"சிங்காநல்லூருங்க."

"இங்க தெரிஞ்சவங்க யாராச்சும் இருக்காங்களா?"

அப்பாவின் கை இன்னும் மேலேதான் இருந்தது. என் பக்கம் திரும்பவே இல்லை. "யாருமில்லீங்க" என்றார்.

எனக்குப் புரிந்துவிட்டது. என்னைக் காப்பாற்றுகிறார். திருட்டுப் பட்டம் பெற்றவனின் மகளைப் பணப்பெட்டி முன்னால் எந்த முதலாளி உட்கார வைப்பான்? நான் குனிந்து அடுத்த பில்லைப் போட்டிருந்தால் வேலை தங்கியிருக்கும். அவர் படம் பலகைக்குப் போயிருக்கும், நான் தினமும் அதைக் கடந்து வந்து உட்கார்ந்திருப்பேன். யோசித்தேன் என்றெல்லாம் சொன்னால் பொய். எனக்கு வந்தது அப்பா மேல் கண்மண் தெரியாத கோபம். யாருமில்லையாமே. டிராயரைப் பூட்டினேன், எழுந்து போனேன்.

"என்ற அப்பாங்க" என்றேன்.

"அம்மணி, நீ போயி வேலையப் பாரு" என்றார் அப்பா, என்னைப் பார்க்காமலே.

சின்ன முதலாளி என்னையும் அவரையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். அவர் குரலை உயர்த்தவில்லை. "டிராயர் சாவியக் குடும்மா" என்று கையை நீட்டினார். கொடுத்தேன். வீட்டில் அம்மாவுக்கு என்ன சொல்வது என்றுதான் முதலில் தோன்றியது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு சிகாமணி சார் வந்தது அப்போதுதான். குடோனில் சரக்கு இறக்கிக்கொண்டிருந்தவர், சட்டையில் மாவுத் தூசியோடு வந்தார். பெட்டியைப் பார்க்கவில்லை, கேமராவையும் பார்க்கவில்லை. அப்பாவின் தூக்கிய கைகளைப் பார்த்தார். அவர் முகம் என்னவோபோல் ஆகிவிட்டது. எத்தனை ஆயிரம் கைகளை அப்படி நிற்கவைத்துப் பார்த்தவர் அவர்.

"கையை எறக்குங்க. இது மில்லு இல்லீங்க."

அப்பா அவரைப் பார்த்தார். "முடிஞ்சுதுங்களா?" என்று கேட்டார்.

"முடிஞ்சுதுங்க. உக்காருங்க."

ஸ்டூலை அவரே இழுத்துப் போட்டார். அப்பா உட்கார்ந்ததும் ராஜுவின் கையில் இருந்த பெட்டியை வாங்கினார். எடுத்தீர்களா என்று கேட்கவில்லை. "இது எந்த ஊட்டுப் பொட்டிங்க?" என்று கேட்டார். அந்தக் கேள்வி எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. வேறு வீடு என்று ஒன்று இருக்க முடியும் என்றே நாங்கள் நினைக்கவில்லை.

"எங்க ஊட்டுதுங்க" என்றார் அப்பா. பிறகு குரலை மிகவும் இறக்கி, "மாதிரிக்குக் கொண்டாந்தேனுங்க. இதே நெறம் வேணும். அலமாரில பாத்தேன், இல்லீங்க" என்றார்.

சிகாமணி சார் மூடியைத் திறந்தார். உள்ளே காலி பாட்டில். கறை படிந்த சின்னப் பிரஷ் ஒன்று, கழுவி, பிளாஸ்டிக் காகிதத்தில் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டு வைக்கப்பட்டிருந்தது. பெட்டியைக் கையில் எடுத்த நொடியிலிருந்து அதைத் திறந்து பார்க்க எங்களில் ஒருத்தருக்கும் கை போகவில்லை. முதலாளிக்கு ஸ்டிக்கர் தெரிந்தது, கூட்டத்துக்கு வேட்டி மடிப்பு தெரிந்தது.

நான் அப்போதுதான் அப்பாவின் தலையைப் பார்த்தேன். காதோரம் முழுக்கக் கருப்பு, வேரில் மட்டும் வெள்ளை தெரியத் தொடங்கியிருந்தது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு அதை நான் கவனித்திருக்கவில்லை.

"எதுக்குப்பா இது?" என்று கேட்டுவிட்டேன்.

"போத்தனூர்ல ஒரு பஞ்சு குடோன்ல வாட்ச்மேன் வேலை இருக்குதாம். வயசாளி வேண்டாங்கறாங்க. நாளைக்கு வரச் சொல்லியிருக்காங்க." சுற்றிலும் நிற்கிறவர்களை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். "இத எல்லாத்துக்கும் முன்னால சொல்றதுக்குக் கூச்சமா இருந்துதுங்க" என்றார் சிகாமணி சாரிடம்.

திருட்டுப் பட்டத்தைச் சுமந்துகொண்டு கையைத் தூக்கி நிற்க முடிந்தது. தலைக்கு மை பூசுவதைச் சொல்ல முடியவில்லை. எங்கள் ஊர் ஆம்பளைகளை என்னவென்று சொல்வது. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து, மூக்கைச் சிந்திக்கொண்டு நின்றேன்.

பெட்டி அப்பாவுடையது என்று ஆகிவிட்டது. ஆனால் பணம் கொடுத்து வாங்கிய பெட்டி ஏன் கத்த வேண்டும்? சிகாமணி சார் காலிப் பெட்டியைக் கேட் வழியே தானே எடுத்துப் போனார். கத்தியது. அலமாரியில் இருந்து வேறு நிறத்தில் புதுப் பெட்டி ஒன்றைக் கொண்டுவரச் சொல்லி, தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு கடந்தார். கத்தவில்லை. இந்தப் பெட்டியை எப்போது வாங்கியது என்று அப்பாவிடம் கேட்டுக்கொண்டார். பிறகு முதலாளியிடம் போய்ச் சொன்னார்.

"கேட்டு வர்றதுக்கு முன்னால வித்தது எல்லாம் அணையாத ஸ்டிக்கரோட ஊடு ஊடா போயிருக்குதுங்க. இனி மாதிரிக்குன்னு ஒவ்வொருத்தரா கொண்டுக்கிட்டு வருவாங்க. வர்ற வாசல்ல கேட்டு இல்ல, அதனால உள்ள வர்றப்பக் கத்தாது. போறப்பத்தான் கத்தும். படம் எடுக்கறதுன்னா நம்ம நல்ல கஸ்டமர் அத்தனை பேரையும் எடுக்கோணுங்க."

சின்ன முதலாளி கோபக்காரர், ஆனால் மந்தமானவர் இல்லை. கேமராவைக் கழுத்தில் இருந்து கழற்றினார். அப்பாவின் முன்னால் வந்து நின்றார். "எங்க பக்கம் ஒரு வேலை விட்டுப்போச்சுங்க, மன்னிச்சுக்குங்க" என்றார். அந்த வாசகத்தை அவர் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. சாவி என் கைக்குத் திரும்பி வந்தது. அன்று அதற்கப்புறம் பில் போட்ட ஒவ்வொன்றையும் தட்டில் இரண்டு தடவை வைத்தேன்.

அடுத்த வாரத்தில் இருந்து டோக்கன் மேசையிலும் ஒரு தட்டு வந்தது. உள்ளே வருகிறவர்களிடம், "ஊட்டுல இருந்து மாதிரிக்கு ஏதாச்சும் கொண்டாந்தீங்களா? குடுங்க, அணைச்சுத் தாரோம்" என்று கேட்போம். சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுப்பார்கள். ராஜுவைச் சிகாமணி சார் தன் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு பேசப் பழக்கினார். பலகையில் தீபாவளித் தள்ளுபடி ஒட்டினோம்.

அங்கிருந்து நான் கேட் பொறுப்புக்கு மாறினேன். அப்புறம் கேமரா அறை, அப்புறம் நாலைந்து கிளைகளுக்குப் பாதுகாப்பு மேலாளர் என்று ஓய்வு வரைக்கும் இதே வேலைதான். நிஜமாகவே திருடியவர்களையும் நிறையப் பார்த்துவிட்டேன். இருந்தும் மெசின்களின் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, பிரியம்தான். கேட்டுக்குப் பெட்டி மட்டும்தான் தெரியும். அது மனிதனைத் தடவாது, அவன் வேட்டியைப் பார்க்காது, எந்த ஊர், என்ன ஜாதி என்று கேட்காது. கை செய்துகொண்டிருந்த கேவலமான ஒரு வேலையை அது எடுத்துக்கொண்டது. நமக்கு மிச்சம் விட்டிருப்பது பேசுகிற வேலை மட்டும்தான். சிவப்பு விளக்குக்கு முன்னால் நிற்கிற பிள்ளைகளே, அதை நீங்கள் நன்றாகச் செய்வீர்கள். அன்றைக்கு என்னிடம் கேள்வி கேட்ட பெண்ணின் குரலிலேயே அது தெரிந்தது.

அப்பாவுக்குப் போத்தனூர் வேலை கிடைத்தது. தலைமுடிக்காகக் கிடைத்ததோ வேறு எதற்காகவோ, தெரியாது. சேர்ந்த கொஞ்ச நாளில் ஒரு சாயங்காலம் அவருக்கு டிபன் கொண்டுபோனேன். வேலை முடிந்து லோடுமேன்கள் வெளியே வருகிற நேரம். காக்கிச் சட்டையில் அப்பா கேட்டில் நின்றார். எனக்கு அங்கே போய் நிற்கவே பிடிக்கவில்லை. வெளியே போகிறவர்களைச் சோதித்து அனுப்புவதுதான் அவர் வேலை என்பது எனக்குத் தெரியும்.

முதல் ஆள் வந்தான். பழக்கப்பட்டவன், துண்டை உருவிக் கையில் பிடித்துக்கொண்டு இரண்டு கையையும் தூக்கி நின்றான். அப்பா தன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"துண்டத் தோள்ல போடுங்க கண்ணு" என்றார். "உங்க பையை மட்டும் காட்டிப்போட்டுப் போங்க, போதும்."

அவனுக்குப் புரியவில்லை. கையைத் தூக்கியபடியே நின்றான். அவன் இறக்குகிறவரை அப்பா காத்துக்கொண்டிருந்தார். பின்னால் வரிசை நின்றது, நானும் டிபனோடு நின்றேன்.